நுண்ணோக்கியின் கீழே ஒரு குடும்பம்

“நீங்க எதுக்கு டாக்டர்?” என்பது திருமண விருந்துகளில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. இருதய டாக்டர், கண் டாக்டர், குழந்தை டாக்டர் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு நோயியல் என்ற சொல் எதையும் உணர்த்துவதில்லை. சற்று விவரம் தெரிந்தவர்கள், “ஓ, பிணம் அறுக்கிறவங்களா?” என்று கேட்டுவிட்டுத் தம் நாற்காலியை ஓரங்குலம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். பிணக்கூறாய்வு நோயியலின் ஒரு கிளைதான். ஆனால் நான் செய்வது அதுவன்று. அறுவைக் கூடத்தில் உயிருள்ள உடம்பிலிருந்து எடுக்கப்படும் துண்டுகள் என் போன்றோரின் மேசைக்கு வரும். அது புற்றா இல்லையா, புற்றென்றால் எந்த வகை என்று எழுதிக் கையொப்பமிடுவதே எங்கள் வேலை. நோயாளி எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவரைப் பார்ப்பதில்லை. அவருடைய பெயரும் வயதும் எழுதிய ஒரு தாளும் ஒரு கண்ணாடிச் சில்லும் மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும்.

கழக மலருக்கு மருத்துவம் பற்றி எழுதித் தாருங்கள் என்று இளவல்கள் கேட்டபோது, நோயின் அறிகுறிகளையும் தவிர்க்க வேண்டிய உணவுகளையும் வரிசைப்படுத்தும் கட்டுரையைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அத்தகைய கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. நான் எழுத நினைத்தது சிறுநீரகப் புற்றணுக்களின் முகங்களைப் பற்றி. அவற்றுள் ஒரு முகம், நான் பார்த்தேயிராத ஒரு குடும்பத்தை என் முன் கொண்டுவந்து உட்கார வைத்தது. (அந்தக் குடும்பத்தாரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.)

அறுத்தெடுத்த சிறுநீரகம் ஃபார்மலினில் ஊறி எங்களிடம் வரும். அதை இரண்டாகப் பிளந்தால் உள்ளே கட்டி தெரியும். பெரும்பாலும் அது பொன்மஞ்சள் நிறத்தில் இருக்கும். புற்றுநோய் இவ்வளவு அழகாக இருக்குமா என்று முதன்முதலில் பார்க்கும் மாணவர்கள் திகைப்பார்கள். அதில் சிறு துண்டுகளை வெட்டி, மதுசாரத்தில் நீர் நீக்கி, மெழுகில் பதித்து, 4 மைக்ரோன் தடிமனுக்குச் சீவுவோம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சீவிய ஏடு நிறமற்றது; சாயமேற்றினால்தான் எதுவும் கண்ணுக்குத் தெரியும். உட்கருவுக்கு ஹெமடொக்சிலின் என்ற கருநீலம். அது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. மற்றப் பகுதிகளுக்கு இயோசின் என்ற இளஞ்சிவப்பு. விடியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகமெங்கும் இந்த இரண்டு நிறங்களை நம்பித்தான் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டென்றும் இல்லையென்றும் சொல்லி வருகிறோம்.

சிறுநீரகப் புற்றுகளில் 100க்கு 70 முதல் 75 வரை ‘தெளிவணு’ வகையைச் சேர்ந்தவை. நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்கள் வெறுமையாக இருக்கும். சுவர் இருக்கும், உட்கரு இருக்கும், நடுவில் எதுவுமே இராது. ஆளில்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிவதைப்போல. உண்மையில் அந்த அணுக்கள் வெறுமையானவை அல்ல. அவற்றில் கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் நிறைந்திருந்தன. நாம் மதுசாரத்திலும் சைலினிலும் முக்கியெடுத்தபோது கொழுப்பெல்லாம் கரைந்து போய்விட்டது. கட்டியின் பொன்மஞ்சள் நிறம் அந்தக் கொழுப்பின் நிறம்தான். ஆக நாம் ‘தெளிவணு’ என்று பெயரிட்டழைப்பது நம் கைவேலை விட்டுச்சென்ற வெற்றிடத்தை!

இந்தக் கொழுப்பு ஒரு பெரிய குழப்பத்துக்கும் காரணமாயிற்று. 1883இல் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய நோயியலறிஞர், இந்த அணுக்கள் சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் அணுக்களை ஒத்திருப்பதைக் கண்டார். அந்தச் சுரப்பியின் துணுக்குகள் வழிதவறிச் சிறுநீரகத்துக்குள் தங்கி, பின்னர் கட்டியாக வளர்கின்றன என்பது அவருடைய முடிவு. ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்ற பெயர் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. 1960இல் சார்ல்ஸ் ஓபர்லிங்கும் அவர்தம் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இவை சிறுநீரகத்தின் சொந்த நுண்குழாய்களிலிருந்து பிறப்பவையே என்று காட்டினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஒரு தோற்ற ஒற்றுமை அறிஞர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஆனாலும் கிராவிட்ஸை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் கண்டது பிழையன்று. கண்டதற்குச் சொன்ன காரணம்தான் பிழை. எங்கள் துறையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

கொழுப்பு ஏன் சேர்கிறது என்பதற்கான விடை 1993இல் வி.எச்.எல். மரபணு கண்டறியப்பட்ட பிறகுதான் துலங்கத் தொடங்கியது. அந்த மரபணு கெட்டுப்போனால், பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும்போதும் அணு தனக்கு மூச்சு முட்டுவதாக எண்ணிக்கொள்கிறது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. சர்க்கரையையும் கொழுப்பையும் பதுக்குகிறது. பஞ்சம் வரப்போகிறதென்று அரிசி மூட்டைகளை அடுக்கி வைப்பவரைப்போல. உயிரணுக்கள் பிராணவாயுவின் அளவை எப்படி உணர்கின்றன என்ற ஆராய்ச்சிக்காகத்தான் 2019இல் கேலின், ரேட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தெளிவணுக்களைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலைபோல் மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக்கிடப்பதும் இதனாலேயே.

வேறு முகங்களும் உண்டு. 1985இல் ஜெர்மனியின் தோனஸ் குழுவினர் மனிதரிடம் விவரித்த ‘குரோமோஃபோப்’ வகையில் அணுச்சுவர் தடித்துத் தெரியும். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெங்காயத்தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே தோற்றம். உட்கரு மட்டும் உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கி, சுற்றிலும் ஒரு வெளிறிய வளையம் போட்டுக்கொண்டிருக்கும். இதற்கு நேர் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது ‘ஆன்கோசைட்டோமா’. அதன் அணுக்களில் மைட்டோகாண்டிரியா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அது புற்றன்று, தீங்கற்ற கட்டி. சில வேளைகளில் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் வந்து நின்று எங்கள் பொறுமையைச் சோதிக்கும். அந்தச் சங்கடங்களையெல்லாம் எழுதத் தொடங்கினால் மலரின் பாதிப் பக்கங்களை நானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

2018இல் வந்த ஒரு சில்லைப் பற்றிச் சொல்கிறேன்.

தாளில் இருந்த விவரம்: இந்தியர், பெண், வயது 31, இடச் சிறுநீரகம், கட்டி 4 சென்டிமீட்டர். கட்டி மஞ்சளாக இல்லை. வெளிறிய சாம்பல் நிறம். நுண்ணோக்கியில் அணுக்கள் விரல்போன்ற நீட்சிகளாக அடுக்கப்பட்டிருந்தன. ‘பாப்பில்லரி’ என்றொரு வகை உண்டு; இந்தக் கட்டமைப்பு அதில் வழக்கமாகக் காணப்படுவது. அணுக்களின் தோற்றம் கொடியதாக இருந்ததால் “உயர்நிலைப் பாப்பில்லரி புற்று” என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

உருப்பெருக்கத்தை 400 மடங்குக்கு உயர்த்தினேன். உட்கருக்கள் பெரியனவாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு உருண்டை. தோழர்களே, உட்கருவுக்குள் உட்கருமணி என்றொன்று இருக்கும் என்று உயிரியலில் படித்திருப்பீர்கள். புற்றணுவில் அது பெரிதாகத் தெரிவது புதுமையன்று. அது எந்த உருப்பெருக்கத்தில் கண்ணுக்குப் புலனாகிறது என்பதைக் கொண்டே சிறுநீரகப் புற்றின் தரத்தை நிர்ணயிக்கிறோம். ஆனால் இது அளவில் மட்டும் பெரியதன்று. செம்மஞ்சள் கலந்த சிவப்பு. சுற்றிலும் துடைத்துவிட்டாற்போல ஒரு தெளிந்த வளையம். சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிய அணுவில் ‘ஆந்தைக்கண்’ என்று சொல்வார்களே, அந்தச் சாயல். எந்தப் பக்கம் சில்லை நகர்த்தினாலும் ஆந்தைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கி எங்கள் பிரிவில் ஒன்று உண்டு. மூத்த சகாவை அழைத்து எதிரில் அமரச் செய்தேன். அவர் சீனர், அதிகம் பேச மாட்டார். ஒரு நிமிடம் பார்த்தார். “வயது?” என்று கேட்டார். சொன்னேன். “கருப்பைக் கட்டி?” என்று கேட்டார். தாளில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. “போய்க் கேளுங்கள்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்பது எனக்கும் தெரியும். தோலிலும் கருப்பையிலும் தசைக்கட்டிகள் தோன்றும் குடும்பங்களை 1973இல் ரீட் என்பவரும் அவருடைய சகாக்களும் விவரித்திருந்தனர். 2001இல் பின்லாந்து ஆய்வாளர்கள், அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் இளம் வயதிலேயே கொடிய சிறுநீரகப் புற்று வருவதைக் காட்டினர். அடுத்த ஆண்டே மரபணுவும் பிடிபட்டது. அது ஃபியூமரேட் ஹைட்ரேட்டேஸ் என்ற நொதியைச் செய்யும் மரபணு. 2007இல் மரியா மெரினோவும் அவர்தம் குழுவினரும், வளையத்துக்குள் அமர்ந்த அந்தச் சிவப்பு உட்கருமணிதான் இந்தப் புற்றின் முத்திரை என்று எழுதினர்.

அறிவியல் பிரிவில் ஆறாம் படிவம் படித்தவர்களுக்கு அந்த நொதியின் பெயர் நினைவிருக்கக்கூடும். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் கண்டறிந்த சுழற்சி! சிட்ரேட், ஐசோசிட்ரேட் என்று தொடங்கி மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துபோனோமே, அதுதான். அதில் ஃபியூமரேட்டை மாலேட்டாக மாற்றும் ஒரே ஒரு படி இந்த நொதியின் வேலை. அந்தப் படி உடைந்தால் ஃபியூமரேட் தேங்கும். தேங்கியது அணுவைக் குழப்பும். தெளிவணுவுக்கு நேர்ந்ததைப்போலவே இதற்கும் மூச்சு முட்டுவதான பிரமை உண்டாகும். இதை எதற்குப் படிக்கிறோம் என்று அன்று சலித்துக்கொண்ட எனக்கு, அந்தச் சுழற்சியின் ஒற்றைப் படி ஒரு பெண்ணின் சிறுநீரகத்தில் உடைந்து கிடப்பதைப் பார்த்தபோது என்னவோபோல் இருந்தது.

உறுதி செய்ய ஒரு சிறப்புச் சாயம் உண்டு. அந்த நொதி இருக்குமிடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறும். இரண்டு நாட்களில் சில்லு வந்தது. இரத்தக் குழாய்கள் பழுப்பு. அருகிலிருந்த நல்ல நுண்குழாய்கள் பழுப்பு. புற்றணுக்கள் மட்டும் நிறமேயில்லாமல், ஊரே விளக்கேற்றிய நாளில் இருட்டாய்க் கிடக்கும் ஒரு வீட்டைப்போல. எங்கள் வேலையில் பெரும்பாலும் எதையாவது கண்டால்தான் விடை. இங்கே காணாமற்போனதுதான் விடை.

அறிக்கையை எழுதினேன். மரபுவழி வந்திருக்கக்கூடும், மரபியல் ஆலோசனை தேவை என்று கடைசி வரியில் குறிப்பிட்டேன். வழக்கமாக என் பங்கு அங்கே முடிந்துவிடும். மறுவாரம் அறுவை மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். “அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் சரியாக வரும். மரபியல் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. மகளையே மொழிபெயர்க்க வைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் வர முடியுமா?”

பல ஆண்டுகளுக்குப் பிறகு நோயாளி ஒருவரின் எதிரில் உட்காரப்போகிறேன் என்பதைவிட, இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கவலைதான் எனக்கு அதிகம். கழகத்தில் சொற்போர் மேடையேறியவள்தான். மரபணு, நொதி, திடீர்மாற்றம் எல்லாம் எனக்குத் தெரியும். சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பின்பு அடுக்குமாடி வீட்டில் ரவிக்கை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாவுக்கு அந்தச் சொற்களால் என்ன பயன்?

அறைக்குள் போகும் முன் மகள் என்னை நடைபாதையில் நிறுத்தினார். “டாக்டர், ஒரு உதவி. இது எங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க.” அறுவை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு கையால் விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். பெற்றோரின் இரத்தத்தைச் சோதித்தால்தான் தம்பி தங்கை என்று யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று தெரியும். ஆனால் எந்த முறையில் சொல்வது என்பதில் கவனமாயிருப்பேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஆலோசகர் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் தொடர்ந்தேன். உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் ஓர் எழுத்து இருக்கிறது அம்மா, அந்த எழுத்தில் ஒரு பிழை, என்று தொடங்கினேன். அம்மா உடனே, “தலையெழுத்தா டாக்டர்?” என்றார். நான் நிறுத்திவிட்டேன். அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டதென்று அர்த்தமாகிவிடும். ரவிக்கை தைப்பவர் என்பது நினைவுக்கு வந்தது. “அளவு வெட்டி வச்சிருப்பீங்களே அம்மா, அந்தக் காகிதம் மாதிரி. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு காகிதம். ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது. ஒண்ணு கிழிஞ்சிருந்தாலும் இன்னொண்ண வச்சுத் தைச்சிடலாம். ரெண்டாவதும் ஏதோ ஓரிடத்துல கிழிஞ்சுபோனாத்தான் கட்டி வரும்.”

அவர் தலையசைத்தார். பிறகு ஆலோசகர் கருப்பையைப் பற்றிக் கேட்கச் சொன்னார். 34 வயதில் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார்களாம். தோலைப் பற்றிக் கேட்டோம். அவர் சேலைத் தலைப்பை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினார். பயறு அளவில் பத்துப் பன்னிரண்டு செம்பழுப்பு முடிச்சுகள், ஒரே இடத்தில் கூட்டமாக. “குளிர்பட்டா சுருக்சுருக்னு வலிக்கும். ஏர்கோன் பஸ்ல ஏறவே மாட்டேன். யார்கிட்டேயும் சொன்னதில்ல, இதெல்லாம் ஒரு நோயான்னு.” குளிர்பட்டால் வலிப்பது அந்தத் தசைக்கட்டிகளின் இயல்பு. முப்பது ஆண்டுகளாக அவர் கிளினிக்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்வந்திருக்கிறார். ஒருவரும் அந்தத் தோளைப் பார்க்கக் கேட்டதில்லை.

நாங்கள் யாரும் வாய்திறக்கும் முன்பே அவர் சொன்னார்: “அப்ப கிழிஞ்ச காகிதம் என்னோடதுதான்.”

மகள் “அம்மா” என்று மட்டும் சொன்னார். அந்தக் காகிதத்தை நீங்கள் கிழிக்கவில்லை, உங்களுக்குக் கொடுத்தவர்களும் கிழிக்கவில்லை, எத்தனை தலைமுறைக்கு முன்னால் கிழிந்ததோ யாருக்கும் தெரியாது என்றேன். ஆலோசகர் சொல்லாத ஒன்றை நான் சேர்த்துச் சொன்னது அன்று அது ஒன்றுதான். அம்மா அழவில்லை. “மத்த ரெண்டு பிள்ளைங்களுக்கு?” என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எல்லாருக்கும் சிறுநீரகப் புற்று வந்தே தீரும் என்பதில்லை, சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் கட்டி சிறிதாக இருக்கும்போதே பரவிவிடும் இயல்புடையது. ஆகவே ஆண்டுக்கொருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், எட்டு வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். இவ்வளவையும் சொன்னேன். சின்ன மகளுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும், இது வெளியே தெரிய வேண்டாம் என்றும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நம் சமூகத்தில் ‘பரம்பரை வியாதி’ என்ற இரண்டு சொற்கள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சோதனை முடிவு அவரவர் சொத்து, அவர்கள் ஒப்புதலின்றி யாருக்கும் போகாது என்று சொன்னேன்.

சோதனை முடிவுகள் வரப் பல வாரங்கள் ஆயின. அம்மாவுக்கு மரபணுவில் அந்த மாற்றம் இருந்தது. அவருடைய சிறுநீரகங்கள் ஸ்கேனில் சுத்தமாக இருக்கின்றன. 60 வயதைத் தாண்டிய பிறகும் ஆண்டுதோறும் வருகிறார். தங்கைக்கு அந்த மாற்றம் இல்லை. அவருக்குத் திருமணமாகி இப்போது பினாங்கில் இருக்கிறார். என் சில்லுக்குச் சொந்தக்காரரான மூத்தவருக்கு மூன்றாம் ஆண்டு ஸ்கேனில் நிணநீர்க் கணு ஒன்றில் மீண்டும் தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். சிகிச்சை தொடர்கிறது. தீபாவளிக்கு எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவார். அதில் தம் உடல்நிலையைப் பற்றி எதுவும் எழுத மாட்டார், நானும் கேட்க மாட்டேன். அறிக்கைகள் எங்கள் பிரிவுக்குத்தான் வருகின்றன.

இடையில் பிறந்த தம்பி மட்டும் சோதனைக்கு வரவில்லை. ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். தொலைபேசியில் ஒருமுறை என்னோடு பேசினார். “தெரிஞ்சு என்ன டாக்டர் செய்யப்போறேன்? காப்புறுதிக்காரன் தெரிஞ்சுக்குவான், அவ்வளவுதான்.” அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரும்போது வாருங்கள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்தேன். அன்று பின்னணியில் ஒரு கைக்குழந்தையின் அழுகை கேட்டது.

அந்தக் குழந்தை இப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு எட்டு வயது.